வட்டக்கோட்டையில் ஆடுபுலி

ஐந்தரைக்கு விசில் ஊதுவேன்.
பீரங்கி ஏற்றிய சரிவில்
பிள்ளைகள் கடைசியாய் ஒருமுறை ஓடி இறங்கும்.
அஞ்சுகிராமம் பஸ் போனபின்
நானும் கடலும் காற்றாலைகளும்.

கிழக்கு மதில்மேல் தளக்கல்லில் சில கீறல்கள்.
கல்வெட்டோ என்று வந்தவர்கள்
சாக்பொடி தேய்த்துப் பார்த்து
ஒன்றுமில்லை என்று போனார்கள்.
எனக்குத் தெரியும்.
ஆடுபுலிக் கட்டம்.

கப்பல் வரும் வரும் என்று
கண் பூத்துப்போன காவல்காரன்
கத்திமுனையால் செய்த குற்றம்.
சம்பளம் நெல்லா பணமா,
ஊர் ஈத்தாமொழியா இரணியலா,
ஓர் எழுத்தும் விட்டுப்போகவில்லை.
ஓரத்துக் கோடு மட்டும் கோணல்.
யாரோ படியேறும் சத்தம் கேட்டிருக்கும்.

திராஸில் பதினேழு மாதம்.
பதுங்குகுழித் தகரத்தில் ஆணியால்
நானும் கீறினேன், தாயக்கட்டம்.
எதிரே உட்கார்ந்தவன் பல்பீர்.
அந்த ஆட்டம்
முடியவில்லை.

நேற்று மூன்று கருங்கல்லைப் புலியாக்கினேன்.
ஆடுகளுக்குக் கரையில் பொறுக்கிய சிப்பிகள்.
ஒன்று குறைந்தது.
பழைய யூனிஃபார்மின் பித்தளைப் பொத்தானை
அறுத்து வைத்தேன்.

முதல் காய் அவன் நகர்த்தட்டும்.
எனக்குக் காலை எட்டு மணிக்குத்தான்
டியூட்டி.