ஏலத்துக்கு வந்த தயிர்

அறுப்பின் பண்டிகை அசனம் முடிந்து
மட்டன் குழம்பு மணக்கும் கையோடு
மைக்கைப் பிடிப்பவன் நான்.
அயனாவரத்தில், எங்கள் ஆலயத்தில்,
பதினேழு வருஷமாக ஏலம் போடுவது
இந்தத் தொண்டைதான்.
மூன்று ஆராதனை, நாலாயிரம் பேர்,
வருகிற தொகை மொத்தமும்
வெளிநாட்டு ஊழியத்துக்கு.

ஒரு எலுமிச்சம்பழம் பதினோராயிரம்.
காண்ட்ராக்டர் ஞானசிகாமணிக்கு
வருஷாவருஷம் முதல் பழம்.
பிழிந்தாரா, பூஜ்யமாய் வைத்திருக்கிறாரா,
நான் கேட்டதில்லை.
ஒரு பூசணி மூன்று பேர் வாங்கி
மூன்று பேரும் திருப்பிக் கொடுத்து
நாலாவது தடவை விலைபோனது.
காலைக் கட்டிய சேவல்
என் 'ரெண்டுதர'த்துக்கு நடுவே கூவ,
பந்தல் சிரித்தது.

திரையில் உலகப்படம்.
மங்கோலியா மேல் சிவப்பாய் ஒரு பொட்டு.
ஜெபசிங்கும் ரூபவதியும் அங்கேதான்,
மைனஸ் முப்பதில்.
போன வருஷம் அவர்களுக்கு
ஸ்வெட்டர் சேர்த்து அனுப்பினோம்.
கொடைக்கானல் தேனிலவுகளின் ஸ்வெட்டர்,
அந்துருண்டை வாசத்தோடு எழுபத்துமூன்று.
இந்த ஊர்க் குளிருக்கு இது கைக்குட்டை
என்று ரூபவதி எழுதவில்லை.
சந்தோஷமாய்ப் பெற்றுக்கொண்டோம் என்றாள்.

கடைசியாக ஒரு துணிப்பை நீட்டினார்கள்.
உள்ளே வெள்ளையாய், அரைச் செங்கல் அளவு.
சுண்ணாம்பா, சோப்பா?
கூடவே ஜெபசிங் கையெழுத்து.
வாசித்தேன்:

"சென்னையில் வெள்ளம் என்று போனில் பார்த்தேன்.
ஆடு மேய்க்கும் பத்பாயரிடம் காட்டினேன்.
அவர் ஒருநாளும் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்ததில்லை,
வருவார் என்று உங்களுக்கு எழுதவும் மாட்டேன்.
கோடையில் கூரைமேல் காயவைத்த தயிரை
அவர் மனைவி எடுத்துக் கட்டிக் கொடுத்தாள்.
நனைந்த ஊருக்குக் காய்ந்தது போகட்டும் என்றாள்.
ஏலத்தில் வையுங்கள்."

பத்து ரூபாய் என்று ஆரம்பித்தேன்.
வேறு தொகை வாயில் வரவில்லை.
பந்தலில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"நூறு."
புளியந்தோப்பு மெர்லின்.
டிசம்பரில் அவள் வீட்டு பிரிட்ஜ் மிதந்துபோய்
ராத்திரி முழுக்கக் கதவில் முட்டிக்கொண்டிருந்தது.
ஞானசிகாமணி சட்டைப்பைக்குள் விட்ட கையை
வெளியே எடுக்கவில்லை.

ஒருதரம்.
ஏற்றிவிட வேண்டும், அதுதான் என் வேலை.
நூறுதானா, ஆண்டவருக்கு வெறும் நூறுதானா
என்று கூசாமல் கேட்டுப் பழகிய வாய்.
ரெண்டுதரம்.
கேட்கவில்லை.
மூணுதரம்.

மேஜைக்கு வந்தவள்
பையை வாங்கிக்கொண்டு போகவில்லை.
"சுத்தி இருக்கா?" என்றாள்.
பந்தல் ஆணி அடித்த சுத்தியலைத்
தேடி எடுத்து வந்தார் கோயில்குட்டி ஆசீர்.
நாலாவது அடியில்தான் உடைந்தது.
முதல் சில்லை வாயில் போட்ட பொடியன்
முகத்தைச் சுளித்து,
"மிளகா இல்லாத மோர்மிளகா" என்றான்.
துப்பவில்லை.
இன்னொன்று கேட்டுக் கை நீட்டினான்.

எல்லோருக்கும் எட்டவில்லை.
எட்டாதவர்கள் துணிப்பையை மோந்து பார்த்தார்கள்.

சாயங்காலம் கணக்கு.
பொருளாளர் தவமணி பேரேட்டைத் திறந்தார்.
வெளிநாட்டு ஊழியம் என்ற பக்கத்தில்
அடிவரை செலவு.
இடப்பக்கம் 'வரவு' என்று தலைப்பு எழுதி
கோடு போட்டு வைத்திருந்தார்,
அதற்குக் கீழே எதுவுமில்லை.

"நூறு நம்ம ஏலக் கணக்கு" என்றார்.
"அந்தக் கட்டி?" என்றேன்.
பேனா மூடியைக் கடித்தார்.
"அங்க கிலோ என்ன விலை போகும்?"
கிண்டலில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.
எனக்கும் தெரியாது.

வண்டியை எடுத்தேன்.
ஓட்டேரி சிக்னலில்
இரண்டு தடவை பச்சை வந்தும் நகரவில்லை நெரிசல்.
கன்னத்தில் ஒதுக்கியிருந்த சில்லு
இன்னும் கரையவில்லை.
கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையில்
கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கியது புளிப்பு,
லேசான ஆட்டு வாடையோடு.