அடுத்த மரம்

மார்த்தாண்டம் மெடிக்கலில் வாங்கிய சுவிங்கம்
புதினா ருசித்தது; மென்றபடியே பற்றவைத்தேன்.
கிராம்பு, இஞ்சி மிட்டாய், பொன்மனைக்காரர் தந்த கசாயம்.
தவக்காலத்தில் நாற்பது நாள் விட்டேன்.
ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு
குருசடி ஓரத்தில் ஒன்று.
"தினம் ஒண்ணு குறைச்சுப் பாரும்" என்றான் விஜிலியஸ்.
குறைத்தேன். இருந்ததை விரல் சுடும்வரை இழுத்தேன்.

குலசேகரம் தாண்டி, நாலு மணி இருட்டு.
தலையில் லைட், கையில் பால்வெட்டுக் கத்தி,
எனக்கு முந்நூற்றுப் பதினாறு மரம்.
முதல் மரத்தடியில்தான் எப்போதும் முதல் பீடி.
அன்று தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது.
சரி, அடுத்த மரத்தில் பார்ப்போம் என்று
பட்டையைச் சீவினேன்.
பால் கோட்டில் இறங்கிச் சிரட்டையில் சொட்டியது.
அடுத்ததிலும் அதையே சொன்னேன்.
நாற்பதாவதில் கை நடுங்கி
கத்தி தடியில் இறங்கிவிட்டது.
மரத்திடம் மன்னிப்புக் கேட்டேன், கெட்டவார்த்தையில்.

மறுநாள் தீப்பெட்டி காய்ந்திருந்தது.
அடுத்த மரம் என்றேன்.

எட்டு மாதம்.
ஆனி மழையில் வெட்டு இல்லை,
மரமில்லாத நாள்தான் பொல்லாதது.
டீக்கடைப் புகையிலிருந்து எழுந்து
கரண்டுக் கம்பங்களை எண்ணி நடக்கிறேன்.
இருபத்திரண்டில் வீடு வந்துவிடும்.
ஆசை தீராத நாளில்
திரும்ப நடந்தும் எண்ணியிருக்கிறேன்.
வாசலில் மெட்டில்டா
என் வாயருகே மோந்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் சோறு போடப் போகிறாள்.

"ஒரேயடியா விட்டீரா வே?"
இல்ல மக்கா.
இந்த மரத்தில் வேண்டாம் என்றேன்,
அவ்வளவுதான்.