சுவப்பு

புனலூர் பழைய இரும்புக்கடையில்
எடைபோட்டு வாங்கிய சுசுகி.
பிஸ்டன் இறுகிக் கிடந்தது.
டீசல் ஊற்றிவிட்டுக் காலையும் மாலையும்
கிக்கரில் ஏறி நின்று பார்ப்பேன்.
பன்னிரண்டாம் நாள் ‘டொக்.’

கார்புரேட்டர் மிதவை தென்காசியில் கிடைத்தது.
பின்விளக்குக் கண்ணாடி
மைதீன் பிச்சை வீட்டுக் கோழிக்கூண்டில்,
தண்ணீர்க் கிண்ணமாக.
இரண்டு கோழிகளும் என்னை மன்னிக்கவில்லை.

நீலம் அடித்தேன்.
எனக்கு நீலம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆரியங்காவு செக்போஸ்ட்.
சுசீலன் சார் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுகிறார்:
“இதில் சுவப்பு என்னாணல்லோ?”
பின்னால் வைக்கோல் லாரி ஹார்ன்மேல் ஹார்ன்.

சாவியால் டேங்கின் அடிவயிற்றைச் சுரண்டினேன்.
நீலம். சாம்பல் ப்ரைமர்.
யாரோ அடித்த பச்சை,
அதற்கும் முன்னால் யாரோ அடித்த கறுப்பு
(பழசை முழுதாய் உரிக்காத என் சோம்பல்
அன்றைக்கு உதவியது)
பிறகு,
சுண்டுவிரல் நகமளவு சிவப்பு.

குனிந்து பார்த்தார்.
டார்ச் அடித்து, பட்டப்பகலில், இன்னொரு தடவை.
“ம்… பொய்க்கோ.”

கழுதுருட்டி இறக்கத்தில் மழை பிடித்தது.
இரண்டாம் கியரில் இருமினாள்,
ஆமாம், சிவப்பைப் பார்த்தபின் ‘அவள்’தான்.
சோக்கைத் தொட்டதும் தெளிந்துவிட்டாள்.

அரை டப்பா நீலம் மிச்சமிருக்கிறது.
மூடி இறுகிப்போயிருக்கும் இந்நேரம்.