சம்மதப் படிவம்

அமரில்லோ, டெக்சஸ். இரவுப் பணி.
வெண்டெல் ஹாஸ்கின்ஸ், லாரி ஓட்டுநர், முப்பத்தொன்பது.
மூளை அடங்கிய பிறகும்
எந்திரம் அவன் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.
என் மடியில் காத்திருப்போர் பட்டியல்:
கல்லீரலுக்கு ஒரு பள்ளி ஆசிரியை,
இதயத்துக்கு இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.
வெண்டெலின் தாய் படிவத்தைத் தொடவே இல்லை.
"அவனை முழுசா அனுப்புங்க" என்றாள்.
அனுப்பினோம்.
காவலர் வரவில்லை. நீதிபதியை யாரும் எழுப்பவில்லை.
அந்தத் தகப்பன் வியாழக்கிழமை போய்ச்சேர்ந்தார்.
அதற்கும் வழக்கில்லை.
பதினேழு வருடமாக இதுதான் என் வேலை:
கேட்பது. வேண்டாமென்றால்
நன்றி சொல்லிக் கதவைச் சாத்துவது.

லெட்டீசியா எங்கள் வார்டில் ரத்தம் எடுப்பவள்.
விடிகாலை நாலுக்கு என் காரில் ஏறினாள்.
நியூ மெக்சிகோ எல்லைவரை மாட்டுப்பட்டிகள்.
கண்ணாடியை இறக்காதே, குமட்டுகிறது என்றாள்.
ஏன் போகிறாய் என்று நான் கேட்கவில்லை.
வெண்டெலின் தாயிடமும் கேட்கவில்லையே.

அது வெறும் சதை என்று
நான் சொல்லமாட்டேன்.
திரையில் பார்த்தேன், அரிசியளவு துடிப்பு.
ஈருயிர்க்காரி என்றால் ஈருயிர்தான்.
அந்தத் தகப்பனும் உயிர்தான்;
பெயர் இருந்தது, வீட்டுக்கடன் இருந்தது,
மகளின் பல் டாக்டருக்கு நாள் குறித்திருந்தது.
இருந்தும் படிவம் கேட்டது ஒன்றையே:
இது யார் உடல்?
பிணத்துக்கு விட்டுக்கொடுத்ததை
பின்சீட்டில் சுருண்டு கிடப்பவளுக்கு
எந்தக் கணக்கில் மறுப்பது?

என் தம்பி ராய்ஸுக்கு
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும்.
இந்த வரியை
இவ்வளவு தூரம் எழுதாமல் ஓட்டி வந்தேன்.
ஒரே ஒருமுறை கேட்டான்,
அடுப்புப் புகை நடுவே, முகம் பார்க்காமல்.
பயமாயிருக்கு என்றேன்.
சரி என்று இறைச்சியைத் திருப்பிப் போட்டான்.
பிறகு கேட்டதில்லை. கொலைகாரி என்றதில்லை.

அதே ராய்ஸ்தான் நகர மண்டபத்தில்,
இவளைப் போன்றவளை
இந்தச் சாலையில் ஏற்றிச்செல்பவர்மேல்
வழக்குப் போடலாமென்று கை தூக்கினான்.
ஊசி குத்திக் குத்தி
நரம்பு கயிறாய்ப் புடைத்த அந்தக் கையை.
நான் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தேன்,
கைப்பையில் எதையோ தேடிக்கொண்டு.

எல்லை தாண்டியதும் கடிகாரம்
ஒரு மணிநேரம் பின்னால் போனது.
அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.
ராய்ஸ் அழைத்தான். இன்று செவ்வாய்,
அவனை நான்தான் கூட்டிப்போக வேண்டும்.
"எங்க இருக்க?"
"க்ளோவிஸ் பக்கம்."
காற்றிரைச்சல். இல்லை, அவன் மூச்சு.
யாரோடு என்று கேட்பான்,
சொல்லிவிடுவேன் என்றுதான் இருந்தேன்.
"பெட்ரோல் இருக்கா?" என்றான்.
இருக்கு, பாதி டாங்க்.

கண்ணாடியில் லெட்டீசியா.
தூங்கவே இல்லை போல.