மாதிரி நாற்பத்தொன்று

துர்க்கு நகரில் பிப்ரவரி.
மாலை நான்கரைக்கே விளக்குப் போட்டாயிற்று.
வூக்கோ மஞ்சள் முனைவைத்த பிப்பெட்டால்
தட்டின் நடுவே ஒரு கோடு கிழிக்கிறாள்,
பாலாடையில் விரலிழுத்த தடம்போல.
நுண்ணோக்கியில் அது
கரை காணாத வெட்டவெளி.
இந்தப் பக்கம் ஈறுச் செல்கள்.
அந்தப் பக்கமும் அவையேதான்,
நேற்றுவரை ஒரே விரிப்பாய்க் கிடந்தவை.

யாருடைய ஈறு என்று அவளுக்குத் தெரியாது.
குப்பியில் எண் மட்டும்: நாற்பத்தொன்று.
கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது கூடவே வந்த
அரிசி மணியளவு சதை.
கையெழுத்திட்ட படிவம் வேறு கட்டடத்தில்,
பூட்டிய அலமாரியில்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை.
விளிம்பில் நின்றவை கூசிச் சுருங்கின.
பிறகு ஒன்று
தன் ஓரத்தை மெல்லிய படலமாக்கி நீட்டியது,
குளிர்ந்த நீரில் கால்விரல் வைத்துப் பார்ப்பதுபோல்.
மடக்கியது. மறுபடி நீட்டியது.
பிடிப்புக் கிடைத்த இடத்தில் ஒரு புள்ளி அழுந்தியது.
அந்தப் புள்ளியில் ஊன்றி
உடலை இழுத்துக்கொண்டு போயிற்று.

பற்றினால்தான் நகரலாம்.
பற்றியே இருந்தால்?
பக்கத்தில், பசைப் புரதம் மிகையாகப் பூசிய தட்டில்
அவை சுவரொட்டிகள்போல் விரிந்து
ஒட்டின இடத்திலேயே கிடக்கின்றன.
பூசாத தட்டில் இருந்தவையோ உருண்டு, மிதந்து,
திரவம் மாற்றும்போது கழுவுநீரோடு போய்விட்டன.

இரவு இரண்டேகாலுக்கு
ஒரு செல் முன்னே போய்விட்டது; பின்னங்கால் வரவில்லை.
(அதற்குக் கால் கிடையாது.
பார்ப்பவருக்குத்தான் கால் தேவைப்படுகிறது.)
நூலாக நீண்டது. இன்னும் நீண்டது.
வூக்கோ காப்பிக் கோப்பையைக் கீழே வைக்க மறந்தாள்.
அறுந்தது.
தன்னில் கொஞ்சத்தைத் தரையிலேயே விட்டுவிட்டு
துள்ளிச் சுருங்கி, மேலே ஊர்ந்தது.
பதிவேட்டில் எழுதினாள்: வால் விடுபட்டது, 02:17.
பிறகு, யாரும் கேட்காமலே: நல்லது.
அதை மட்டும் அடித்துவிட்டாள்.

அதே இரவு அக்கரையில், கப்பல் தளத்தில்
ஒஸ்மோ இரும்புத் தகடுகளைப்
பற்றவைத்துக்கொண்டிருந்தான்.
பற்றவைத்த இடம் தடித்து நிற்கும்;
கண்ணை மூடித் தடவினாலும் தெரியும்.
முகக்கவசத்துக்குள் அவன் நாக்கு
பல் இருந்த இடத்தைப் போய்ப் போய்ப் பார்த்தது.
ஆறு வாரம் முன்பு கிணறு.
பிறகு பள்ளம்.
இன்று தேடவேண்டியிருந்தது.
உள்ளங்கையில் பத்தொன்பது வயதில் பட்ட வெட்டு
இன்னும் வெள்ளைக் கயிறாய்ப் புடைத்திருக்கிறது.
வாய் மட்டும் எப்படி மறந்துவிடுகிறது என்று
அவன் கேட்கவில்லை. நாக்கு கேட்டது.

காலை ஏழரை. படகுத்துறை.
ஔரா உறைந்திருந்தது.
படகு போய்வரும் வழி மட்டும் கறுப்புக் கோடு;
இரு கரையிலிருந்தும் பனிக்கட்டி
ஓரம் ஓரமாய் அதை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது.
ஒஸ்மோ இறங்கினான். வூக்கோ ஏறினாள்.
தடித்த கோட்டுகள் இரண்டு உரசின.
"மன்னிக்கணும்" என்றாள்.
அவன் வாய் திறக்காமல் தலையசைத்தான்.
நாக்கு வேலையாயிருந்தது.

பல்லைப் பிடித்திருக்கும் சதைக்கும் ஈறு,
சொல்லின் கடைசிக்கும் ஈறு,
புண்ணும் ஆறும், ஓடுவதும் ஆறு
என்கிற மொழியொன்று இருப்பது
அவர்கள் இருவருக்கும் தெரியாது.
தெரிந்துதான் என்ன, குளிர் குறையப் போவதில்லை.

ஆய்வகத்தில், முப்பத்தேழு டிகிரியில்,
ஆளில்லாத அறையில் கேமரா
ஐந்து நிமிடத்துக்கொன்றாய்ப் படமெடுக்கிறது.
இடப்பக்கத்திலிருந்து வந்த ஒன்றின் விளிம்பில்
வலப்பக்கத்து ஒன்று இடித்தது.
இரண்டும் நின்றன.