அறை மூணு மணிக்குத்தான்

இரவு ஷிப்டு முடிந்து வந்து
ஜன்னலில் போர்வையை மாட்டி
பகலை முடிந்தவரை இருட்டாக்கிப் படுத்திருந்தேன்.
மாதேஸ்வரி கூப்பிட்டாள், ப்ராக்கிலிருந்து.

'வந்துட்டேன்டி. அறை மூணு மணிக்குத்தான் தருவாங்களாம்.
இங்க இப்ப எட்டுதான் ஆவுது.
பெட்டிய வாங்கி வெச்சிக்கிட்டு
போய் ஊரைச் சுத்திப் பாருங்கன்றாங்க.
உட்கார்ந்தா தூங்கிருவேன். பேசிக்கிட்டே இரு.'

ஓசூரில் பதினொன்றரை.
வார்டன் நாகவேணி அக்கா கீழே
தண்ணி லாரிக்காரனைத் தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தாள்.
புது மெஷின் பழக ஆறு வாரம்.
லைனில் நாற்பது பேரில் இவளை அனுப்பினார்கள்.
நானும் பேர் கொடுத்திருந்தேன்.
அதை இவளிடம் சொன்னதில்லை.

தூங்காமல் இருப்பது எப்படி என்று
என்னைக் கேட்டதும் சரிதான்.
வாரம் ஒரு ஷிப்டு மாறுகிற உடம்பு.
விமானம் ஏறாமலே திங்கள்தோறும்
வேறொரு நாட்டில் இறங்கி நிற்கும்.
'வெயில் பக்கமா நட.
ரெண்டு காபிக்கு மேல வேணாம், அழுகை வரும்.'
'இப்பவே வருது' என்றாள்.

கல் பாவிய தெருவில் அவள் செருப்புச் சத்தம்.
'பழைய கடிகாரம் ஒண்ணு, பெரிய கூட்டம்.
எலும்புக்கூடு கயித்தை இழுத்து மணியடிக்குதுடி.
மேல ஜன்னல் திறக்குது,
பொம்மைச் சாமியாருங்க வரிசையா எட்டிப் பார்த்துட்டுப் போறாங்க.
எல்லாரும் கை தட்டறாங்க.'
நம் சைரனுக்கு யார் கை தட்டினார்கள் என்றேன்.
அவள் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்து சேர்ந்தது.

கழிப்பறைக்கு எழுபத்தைந்து ரூபாய்.
அதையே பாலம் முடியும்வரை புலம்பினாள்.
பிறகு ஆற்றில் அன்னங்களைக் காட்டினாள்.
கெலவரப்பள்ளி மதகில்
தென்பெண்ணை பொங்கி நுரைக்கும் நாளில்
காற்று பிய்த்துச் சாலையில் விடுமே,
அந்த வெள்ளைதான் எனக்கு நினைவு வந்தது.
அன்னம் நாறாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மலைமேல் கோட்டை காட்டினாள்.
விட்டுக்கொடுக்க மனசில்லை.
போர்வை ஓரத்தைத் தூக்கி
நான் சந்திரசூடேஸ்வரர் மலையைக் காட்டினேன்.
வெயில் நேராக எதிர்க்கட்டிலில் விழுந்து
ரூபஸ்ரீ எழுந்து திட்டினாள்.

அப்புறம் டிராம் ஏறினாள். தப்பு அதுதான்.
பேச்சு குழைந்தது,
பெண்ணாகரம் என்றாள், வெங்காயம் என்றாள்,
பிறகு படத்தில் வெறும் கூரை.
'மாதேசு! ஏய் மாதேசு! பை எங்கடி? எந்திரி!'
நான் கத்தியதில் ஹாஸ்டல் மாடி முழுக்க விழித்தது.
அவள் விழிக்கவில்லை.

யாரோ போனை எடுத்தார்கள்.
சங்கிலி கோத்த மூக்குக் கண்ணாடி,
மடியில் ஒரு பழுப்பு நாய்.
அந்த அம்மா அவள் பாஷையில் என்னமோ கேட்டாள்.
'அவள எழுப்புங்க, அவளுக்கு ஊர் புதுசு' என்றேன்,
வேறு மொழி வாயில் வரவில்லை.
ஒரு கணம் என்னையே பார்த்தாள்.
என் பின்னால் கொடியில் தொங்கும் யூனிபார்மையும்.
தலையாட்டினாள்.
கை ஒன்று நீண்டு மாதேஸ்வரியின் தோளை
பால் குக்கரைத் தொடுவதுபோலத் தொட்டது.

அறை கிடைத்தபோது எனக்கு ஆறரை.
'தூங்கறேன்' என்றாள். போனை வைக்க மறந்துவிட்டாள்.
அவள் மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு
நான் வைத்தேன்.
எனக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது.
ஒன்பது மணி பஸ்ஸுக்குத் தலை பின்னிக்கொண்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு
லென்ஸுக்கடியில் சாலிடர் புள்ளிகள்
கல் பாவிய தெரு மாதிரி நெளிந்தன.
சூபர்வைசர் வந்து நின்றார்.
'பகல்ல தூங்கலையா?'
'ஊருக்குப் போயிருந்தேன் சார்.'
'எந்த ஊரு?'
அதற்குள் அடுத்த போர்டு வந்துவிட்டது.