நூற்றிருபதில் அறுபத்தொன்று

மதுரைக்காரன், கத்தி சேர்க்கிறேன் என்றால்
ரயிலில் எதிர் இருக்கைக்காரர்
பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்.
விளக்க முயன்று விட்டுவிட்டேன்.
என் கத்திகள் ஒரு வெங்காயத்தைக்கூடப் பார்த்ததில்லை.

பகலில் மேலூர் கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளன்.
உரைகல், அமிலக் குப்பி, பத்து மடங்கு லென்ஸ்.
"கல்லுக்குக் கழிவு போக" என்று தொடங்கும் வாக்கியத்தை
முகம் பார்க்காமல் சொல்லப் பழகியவன்.
இரவில் சிம்மக்கல் மாடியறையில்
சிலிக்கா பொட்டலங்களுக்கு நடுவே உட்கார்ந்து
பதினான்கு மடக்குக் கத்திகளுக்கு எண்ணெய் பூசுகிறேன்.

அறுபத்தொன்று வந்தது ஓர் ஆவணி மழையில்.
நூற்றிருபது செய்து நிறுத்திக்கொண்டார்களாம்.
கார்பன் எஃகு அலகு, எருமைக்கொம்புப் பிடி,
அடியில் நகக்கண் அளவுக்கு எண்.
பதினாறாயிரத்து ஐந்நூறு.
சுங்கத் தாளில் 'காகிதம் வெட்டும் கருவி' என்றிருந்தது.
காகிதமும் வெட்டக் கூடாது.
வெட்டினால் பாதி விலை.
பெட்டிக்குள் இருக்கும் மெழுகுத்தாள் கசங்கியிருந்தால்
அதற்கும் ஒருவர் படம் கேட்டுப் பேரம் பேசுவார்.

மூன்றாம் நாள் மின்வெட்டு.
மெழுகுவத்தி தேடிய கையில் எலுமிச்சம்பழம் அகப்பட்டது.
என்ன தோன்றியதென்று இப்போதும் தெரியவில்லை.
கத்தி வெட்டவில்லை.
பழம்தான் விலகிக்கொண்டது.

சாறு பட்ட இடத்தில் விடிவதற்குள்
நீலச் சாம்பலாய் ஒரு மேகம்.
பற்பசை, பழைய வேட்டித்துண்டு, இரண்டு மணி நேரம்.
லென்ஸுக்கு மட்டும் தெரியும்படி
ஒரு சுழி மிஞ்சியது.
பிறகு எழுதினேன்:
'ஒருமுறையும் வெட்டாதது.'

கோவைப் பல் மருத்துவர் வித்யாதரன், இருபத்திரண்டாயிரம்.
அவரிடமிருந்து நாகர்கோவில் எபனேசர், இருபத்தொன்பது.
பிறகு ஆம்பூர் இம்தியாஸ், தோல் தரகர்.
குமாரபாளையம் சிவகாமசுந்தரி
விசைத்தறி ஒன்றை விற்ற கையோடு வாங்கினாள் என்று பேச்சு.
எண்கள் ஏற ஏற
என் வாக்கியம் ஓர் எழுத்து மாறாமல் கூடவே போனது.

போன மாதம் அது ஊர் திரும்பியிருந்தது,
பந்தடித் தெரு துளசிராமிடம்.
சுங்குடி வியாபாரி. மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும்.
ஐம்பத்தொன்று கேட்டார், நாற்பத்தெட்டில் முடிந்தது.
முன்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை.
"ஒருமுறையும் வெட்டாதது சார்" என்றார் அவர்,
என் முகம் பார்க்காமல்.

லென்ஸ் வைத்தேன். சுழி அப்படியே இருந்தது,
தொலைந்த பிள்ளையின் காதுமடல் மச்சம்போல்.
பக்கத்திலேயே இன்னொரு கறை. பழுப்பு.
என்னுடையதல்ல.

திருகைக் கழற்றிப் பிடியைப் பிரித்தேன்.
உள்ளே,
கடுகளவு மீன் செதில் ஒன்று.
ஒரு துணுக்குத் தோல்.
வெள்ளைப் பஞ்சு.
சுங்குடி முடிச்சிலிருந்து வந்த சிவப்பு நூல்,
அறுபட்ட முனையோடு.
பல் மருத்துவர் மட்டும் எதையும் விட்டுவைக்கவில்லை.
அல்லது, கழுவத் தெரிந்தவர்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு
அவள் எதை வெட்டியிருப்பாள்?
எபனேசர் சமையலறையில் யாரும் வராமல்
எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பார்?

கோபம் வருமென்று எதிர்பார்த்தேன். பசி வந்தது.
கீழே இறங்கித் தள்ளுவண்டியில் கொய்யா வாங்கினேன்.
"வெட்டி உப்பு மிளகாய் போடவா?" என்றார்.
அப்படியே கொடுங்கள் என்றேன்.

விளக்கை அணைத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

அலகைத் துடைத்தேன்.
செதிலை எடுத்தெறிய மனம் வரவில்லை,
நூலையும்.
எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்து
ஒரு கொய்யா விதையையும் சேர்த்துத் திருகை முறுக்கினேன்.

காலையில் பேருந்து ஒத்தக்கடை தாண்டும்போது
விலை எழுதி அனுப்பினேன்: அறுபத்திரண்டு.
கீழே அந்த வாக்கியம்.
நரசிங்கம்பட்டி வருவதற்குள் யாரோ
மெழுகுத்தாளின் படம் கேட்டுவிட்டார்.